மூடுபனிக்குள் இருந்து ஓர் ‘ஓம்’

விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். ரொம்ப சந்தோஷம். நாளையிலிருந்து கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு குளத்தோரம் நடக்கப் போகிறவர்கள் நீங்கள். எந்தத் தப்புக்கு எந்தத் தண்டனை என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அதெல்லாம் மறந்துகொண்டு வருகிறது. மறக்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கடைசி வரிசைத் தம்பி பேனாவை மூடி வைக்கட்டும். எழுதுகிறவன் தலையைக் குனிகிறான். வாட்டர் போலோ நடுவர் தலை குனிகிற நேரம் பார்த்துத்தான் எவனாவது எவனையாவது தண்ணீருக்குள் அமுக்குவான்.

இரண்டு நாட்டு அணிகளுக்கு நடுவே நான் முதன்முதலாக விசில் ஊதியது கொல்லிமலையில். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். கொல்லிமலையில் பலா உண்டு, மிளகு உண்டு, தேன் உண்டு, வாட்டர் போலோ எங்கே வந்தது என்றுதானே? எனக்கே சில சமயம் அது நடந்ததா, தூக்கத்தில் கண்டதா என்று சந்தேகம் வருகிறது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தைய காலம். வெள்ளைக்காரர் ஆட்சி. கடலுக்கு அப்பால் ஒரு குளிர் தேசத்தில், நாடுகளுக்கு இடையே வாட்டர் போலோ போட்டி நடக்கவிருந்தது. நம் பக்கத்திலிருந்து ஓர் அணிதான் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தியாவா, இலங்கையா? ஒரே ஆட்டத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே ஆட்டம் ஏரியில் நடக்குமாம், தண்ணீர் எலும்பைக் கடிக்குமாம். அப்படியானால் தேர்வும் குளிர்ந்த தண்ணீரில்தான் நடக்க வேண்டும் என்று கமிட்டியில் ஒரு காப்பித் தோட்டத்து துரை பிடிவாதம் பிடித்தார். அவருக்குக் கொல்லிமலையில் ஒரு பங்களா இருந்தது. மலைக்குப் போனவன் காய்ச்சலோடுதான் இறங்குவான் என்று அடிவாரத்தில் எல்லோரும் பயந்த காலம் அது. கமிட்டி உயரத்தைப் பார்த்ததே தவிர கொசுவைப் பார்க்கவில்லை. எங்கள் எல்லோர் கையிலும் கொயினா மாத்திரையைத் திணித்து அனுப்பிவைத்தார்கள்.

இன்றைக்குப் பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. அன்றைக்கு சேந்தமங்கலத்துப் பக்கமிருந்து நடைதான். இரண்டு தேசத்தின் ஆட்டக்காரர்களும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரே ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். கோல் கம்பத்துக்கு மலையிலேயே மூங்கில் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். வலையை மட்டும் சுமந்துகொண்டு போனோம். பாதை முழுக்க உண்ணிச்செடி. அது வலையைப் பிடித்து இழுத்து இழுத்து, மேலே போய்ச் சேரும்போது வலை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. வலையில்லாத கோலில் ஆடுவது என்று முடிவாயிற்று. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வலை இல்லாவிட்டால் கம்பத்துக்கு உள்ளே போன பந்தும் வெளியே போன பந்தும் ஒரே இடத்தில்தான் போய் மிதக்கும்.

நடுவராக வரவிருந்த துரை பாதி வழியில் மூச்சு வாங்கி, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார். அங்கேயே திரும்பிவிட்டார். கோல் பார்த்துக் கொடி தூக்குகிற சின்ன வேலைக்கு வந்தவன் நான். விதி தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாததால் விசில் என் கழுத்துக்கு வந்தது. நான் நாமக்கல் பக்கத்துக்காரன், இந்தியா அணியில் ஆடுகிறவர்களில் ஒருவன் என் பக்கத்து ஊர்க்காரன் என்பது இலங்கைக் கேப்டனுக்குத் தெரியும். அவர் கொழும்புக்காரர், சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்தவர், தமிழ் தெரியாதவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்களை நம்புகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கை கொடுத்தார். அந்த நம்பிக்கை வலையைவிடக் கனமாக இருந்தது.

வாசலூர்பட்டிப் பக்கம் ஒரு பள்ளத்தில் நீர் தேங்கி நின்றது. அதில்தான் ஆட்டம். மூன்று பக்கம் மேடு, ஒரு பக்கம் கோரைப்புல். விடிந்து பார்த்தால் அந்தத் தண்ணீர் மேல் ஆவி படர்ந்திருக்கும். வெயில் வந்தபின் மேகத்தின் நிழல் மேட்டில் ஊர்ந்து இறங்கி, தண்ணீரைக் கடந்து, அந்தப் பக்கத்து மேட்டில் ஏறிப் போகும். பயிற்சி செய்கிறவர்கள் அந்த நிழல் தங்கள் மேல் வரும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. நானும் நிறுத்திவிடுவேன். அங்கே இருந்த நாட்களில் எங்கள் எல்லோர் குரலும் தாழ்ந்து போயிருந்தது. ஒருவருக்கொருவர் கோபித்துக்கொண்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

என் பக்கத்து ஊர்க்காரன் என்றேனே, அவன் பெயர் சின்னச்சாமி. சேந்தமங்கலத்துக்காரன். கமலைக் கிணற்றில் குதித்து நீந்தப் பழகி, ராணுவ முகாம் ஒன்றில் வேலை பார்க்கும்போது வாட்டர் போலோ கற்று, நாட்டு அணி வரைக்கும் வந்தவன். தோளைப் பார்த்தால் எருமைக்கன்று மாதிரி இருப்பான். இத்தனை தண்ணீர் பார்த்தவன் கடலை மட்டும் பார்த்ததில்லை. அவனுடைய ஆசையெல்லாம் கப்பல் ஏறுவது. அந்தக் குளிர் தேசமோ கோப்பையோ அவனுக்கு அவ்வளவு பொருட்டில்லை. வயதும் ஏறிக்கொண்டிருந்தது. இது தப்பினால் அவனுக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

இலங்கை அணியின் கோல் காப்பவர் நல்லதம்பி. யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் வாய் திறக்காதவர். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிச் சிரிப்பார். அவரையும் சின்னச்சாமியையும் ஒருநாள் கரையில் உட்கார்ந்து பலாச்சுளை தின்னும்போது பார்த்தேன்.

“ஏனுங்க, கடலு எப்பிடீங்க இருக்கும்?” என்று சின்னச்சாமி கேட்டுக்கொண்டிருந்தான்.

நல்லதம்பி கையிலிருந்த சுளையின் கொட்டையை எடுத்துப் போட்டார். பிறகு, “என்ர ஊரில வீட்டுப் படலையைத் திறந்தா அதுதான்,” என்றார்.

சின்னச்சாமிக்கு ஒரே பூரிப்பு. என் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா? நம்மளாட்டமே ‘என்ற ஊரு’ங்கறாருங்க. அவுங்களும் நம்ம பேச்சுத்தானுங்க,” என்றான்.

நானும் அப்படியே நினைத்தேன். ஒரு சொல் ஒத்துப்போனால் எல்லாச் சொல்லும் ஒத்துப்போகும் என்று நினைக்கிற வயது. ஆங்கிலத்தில் பேசுகிறவரிடம் ஒவ்வொரு வார்த்தையையும் நின்று கவனித்துக் கேட்கிற நான், தமிழ் பேசுகிறவரிடம் அந்தக் கவனத்தை எடுத்து மடித்து வைத்துவிட்டேன்.

ஆட்டத்தன்று காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. செம்மேட்டுப் பக்கமிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் ஜனம் வந்து மேட்டில் உட்கார்ந்திருந்தது. பெரிய மனிதர்கள் பந்துக்காக ஒருவரையொருவர் மூழ்கடிப்பதைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்புத் தாளவில்லை. சாமைக் கதிர் அறுப்பதை விட்டுவிட்டு வந்த ஒரு அம்மா அரிவாளை இடுப்பில் செருகியபடியே முன்வரிசையில் உட்கார்ந்து, பந்து பிடித்தவனுக்கும் சபாஷ், பறித்தவனுக்கும் சபாஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்த பார்வையாளர்களிலேயே நடுநிலை தவறாதவள் அவள்தான்.

இரண்டு பக்கமும் கோல்கள் சமமாக விழுந்தன. இரண்டாம் பாதி முடியப் போகிற நேரம். மேட்டுக்கு மேலே வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

பிள்ளைகளே, நடுவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டிய நேரம் எது தெரியுமா? கண் மறைந்த பிறகு அல்ல. மறையப் போகிறது என்று தெரிந்த கணம். ஆனால் அப்போது நிறுத்துவதற்கு யாரும் உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டார்கள். ஆட்டக்காரன் கெஞ்சுவான், கேப்டன் முறைப்பான், ஜனம் கூச்சல் போடும். இன்னும் ஒரு நிமிஷம் போகட்டும் என்று எனக்கும் தோன்றியது. மூடுபனி மேட்டிலிருந்து இறங்கி வந்தது. நடையில் ஒரு அவசரமும் இல்லை. முதலில் கோரைப்புல்லை எடுத்துக்கொண்டது. பிறகு அந்தப் பக்கத்துக் கோல் கம்பத்தை. நல்லதம்பியின் தொப்பி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

அந்தச் சமயம் பார்த்துப் பந்து சின்னச்சாமி கைக்கு வந்தது. இடுப்பு வரை தண்ணீரிலிருந்து எழுந்தான். கை பின்னால் போனதைப் பார்த்தேன். வெள்ளைக்குள் எறிந்தான். எங்கோ தண்ணீரில் பந்து விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் நான் விசில் ஊதினேன்.

அந்தக் காலத்தில் ஒரு விதி இருந்தது, இப்போது எடுத்துவிட்டார்கள். விசில் ஊதினால் அவரவர் இருந்த இடத்திலேயே மிதக்க வேண்டும். பந்து மறுபடி ஆட்டத்துக்கு வரும்வரை ஒரு முழம்கூட நகரக் கூடாது. அதன்படி எல்லோரும் நின்றார்கள். அதற்குள் என் காலடித் தண்ணீரும் மறைந்துவிட்டது. என் கையை நீட்டினேன். விரல் மங்கலாகத் தெரிந்தது.

அந்தப் பக்கக் கோலுக்குக் கொடி தூக்க, தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை நிறுத்தியிருந்தோம். கோல் விழுந்தால் கொடியைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேலை. “கோலா?” என்று கத்தினேன். பதறும்போது ஆங்கிலம் நம்மைக் கைவிட்டுவிடும்; தமிழில்தான் கத்தினேன்.

“தெரியலீங்க சாமி,” என்று கணக்கப்பிள்ளை குரல் வந்தது. “என்ற கொடியே எனக்குத் தெரியலீங்க.”

அதே நேரத்தில் தண்ணீருக்குள்ளிருந்து இன்னொரு குரல், தாழ்வாக, “ஓம்” என்றது.

யாரோ சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பென்ன? நடுத்தண்ணீரில் வெள்ளை சூழ்ந்தால் எவனுக்கும் கடவுள் ஞாபகம் வரும். போதாததற்கு மேட்டிலிருந்த ஜனமும் “ஓ… ஓ…” என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுக்க ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தத்தில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன். நான் பார்க்கவில்லை, கொடிக்காரரும் பார்க்கவில்லை, ஆகவே கோல் இல்லை. மனதில் அப்படித் தீர்த்துக்கொண்டு, ஆங்கிலத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, கோல் இல்லை என்று உரக்க அறிவித்தேன். பனிக்குள் எங்கோ சின்னச்சாமி தண்ணீரை ஒரு அடி அடித்தது கேட்டது.

இப்போது வேறு பயம் பிடித்தது. தண்ணீர் குளிர்ந்துகொண்டிருந்தது. கரைக்கு வரச் சொல்லலாம் என்றால், திசை தெரியாமல் கோரைக்குள் நீந்திக் கால் சிக்கினால் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். என் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. அரிவாள் செருகிய அம்மாதான்.

“ஆரும் நவுராதீங்க கண்ணு! மேகம் எறங்குனா இருந்த எடத்துலயே இருந்து கொரல் குடுக்கோணும். நாங்க காட்டுல அப்பிடித்தான். அது தன்னால போயிரும்.”

எங்கள் விதியும் அதுதானே என்று எனக்கு ஒரு கணம் வியப்பாக இருந்தது. “எல்லாரும் அப்படியே இருங்கள், ஒருத்தர் மாற்றி ஒருத்தர் குரல் கொடுங்கள்,” என்று இரண்டு பாஷையிலும் சொன்னேன்.

கொடுத்தார்கள். இன்று வரை அதை நினைத்தால் என் உடம்பு லேசாகிவிடுகிறது. ஒன்றுமே தெரியாத வெள்ளை. அதற்குள் அங்கொரு குரல், இங்கொரு குரல். ஆங்கிலம், சிங்களம், வங்காளம், மராட்டி, தமிழ். யார் நீலத் தொப்பி, யார் வெள்ளைத் தொப்பி என்று சொல்லவே முடியவில்லை. ஒருவன் இருமினால் இன்னொருவன் ‘பயப்படாதே’ என்றான். அவன் எந்த நாட்டுக்காரன் என்று எனக்குத் தெரியாது, இருமியவனுக்கும் தெரிந்திருக்காது. கரையிலிருந்து ஜனம் அவர்களுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தது. தண்ணீர் எது, காற்று எது என்ற வித்தியாசம் போய், எல்லோரும் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தோம்.

ஒரு பக்கமிருந்து மட்டும் குரல் வரவில்லை. “கோலில் இருக்கிறவர்! நல்லதம்பி! இருக்கீங்களா?” என்று கத்தினேன்.

“ஓம்,” என்றது பனி. “நிக்கிறன்.”

ஓம், நிக்கிறன். ஆமாம், நிற்கிறேன். அந்த ஊரில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல்லா? அப்படியானால் முதலில் சொன்னது?

கரையோரமாகவே தடவித் தடவி அவர் குரல் வந்த பக்கம் போனேன். குரலைத் தாழ்த்தி, “முன்னாடி நான் கோலான்னு கேட்டப்பவும் நீங்கதான் சொன்னீங்களா?” என்றேன்.

“ஓம்.”

“பந்து உள்ளே வந்துதுங்களா?”

“ஓம். என்ர காதுக்குப் பக்கத்தால போனது. நான் கை தூக்க முந்தி.”

பக்கத்தில் எங்கோ மிதந்துகொண்டிருந்த சின்னச்சாமி, “ஏனுங்க, அவரு என்னங்க சொல்றாரு? சாமி கும்பிடறாருங்களா?” என்றான். அவனுக்கும் புரியவில்லை. ஆகவே நான்தான் தனியாக மாட்டிக்கொண்டேன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அந்த வெள்ளைக்குள் நின்று நான் யோசித்ததை யோசித்துப் பாருங்கள். கோல் இல்லை என்று அறிவித்தாயிற்று. இலங்கைக் கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. நல்லதம்பி சொன்னது அவருக்கு எட்டாது. பேசாமல் இருந்தால் என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது; விதிப்படி நான் சரி. மாற்றினாலோ, நாமக்கல் பக்கத்துக்காரன் சேந்தமங்கலத்துக்காரனுக்குப் பனியைச் சாக்கிட்டுக் கோல் கொடுத்தான் என்று பேர் வரும். அந்தப் பேரைக் கழுவ நல்லதம்பியை எல்லோர் முன்னும் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் சின்னச்சாமி கப்பல் ஏறுவான், நல்லதம்பியின் ஆட்கள் ஏற மாட்டார்கள், அதற்குக் காரணம் நல்லதம்பியின் வாய் என்று ஆகிவிடும். ஒருவனுக்கு நியாயம் செய்ய இன்னொருவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இதற்கு உங்கள் புத்தகத்தில் பக்கம் இருந்தால் காட்டுங்கள்.

எனக்கு அழுகை வந்தது. பனி இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

“நல்லதம்பி, பனி விலகினதும் உங்க கேப்டன் முன்னாடி இதைக் கேட்டா சொல்லுவீங்களா?” என்றேன்.

“கேளுங்கோ.”

“உங்க ஆளுங்க?”

“அது என்ர பாடு.”

அவர் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி மிதந்துகொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. அவர் கேட்கச் சொல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பீற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

வந்த மாதிரியே பனி போயிற்று. முதலில் தொப்பிகள் தெரிந்தன, பிறகு முகங்கள், பிறகு கோல் கம்பம். அவரவர் விட்ட இடத்திலேயே இருந்தார்கள், உதடு நீலம் பாய்ந்து. பந்து கம்பத்துக்குப் பின்னால் கோரையோரம் மிதந்தது. வலை இல்லாததால் அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கேப்டன்களையும் கரைக்குக் கூப்பிட்டேன். நல்லதம்பி அவர்களுக்குப் பின்னால் நீந்தி வந்தார். நான் காதில் சரியாக வாங்காத தப்பால் ஒரு பதிலைத் தவறவிட்டேன், மறுபடி கேட்கப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்திலேயே கேட்டேன்.

பழக்கத்தில் “ஓம்” என்று வாயெடுத்தவர், நிறுத்தி, ஆங்கிலத்தில் ஆமாம், கோல்தான் என்றார்.

இலங்கைக் கேப்டன் என்னைப் பார்க்கவில்லை. நல்லதம்பியைப் பார்த்தார், ரொம்ப நேரம். பிறகு திரும்பி, ஆட்டத்தைத் தொடங்க நடுவிடத்துக்கு நீந்திப் போனார். அதுதான் அவர் சம்மதம். நான் கோல் கொடுத்தேன். கணக்கப்பிள்ளை இப்போதாவது தூக்குவோம் என்று கொடியைத் தூக்கினார். மேட்டில் ஜனம் ஆரவாரம் செய்தது. எதற்கென்று புரியாமலே அரிவாள் அம்மா இரண்டு பக்கத்துக்கும் சபாஷ் போட்டாள். மிச்ச நேரத்தில் வேறு கோல் விழவில்லை. இந்தியா ஜெயித்தது. சின்னச்சாமி தண்ணீரிலேயே மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரையேறியதும் அவன் நேரே நல்லதம்பியிடம் போனான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் இலங்கை அணி மலை இறங்கியது. பாதை பிரிகிற இடம் வரைக்கும் வழியனுப்பப் போனேன். கேப்டனும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். நல்லதம்பி கடைசியாக, தனியாக வந்தார். தலை இன்னும் ஈரமாக இருந்தது. விடியலில் தனியாகப் போய் அந்தத் தண்ணீரில் ஒரு தடவை முழுகி வந்திருக்க வேண்டும்.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். “கேப்டன் உங்ககிட்ட என்ன சொன்னாருங்க?” என்றேன்.

அவர் சிரித்தார். “பேசினவர்,” என்றார்.

அப்பாடா என்றிருந்தது. முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுக்கிவிடுவார்களோ என்றுதான் நான் இரவெல்லாம் புரண்டிருந்தேன். பேசிவிட்டார் என்றால் மனத்தாங்கல் தீர்ந்தது. “ரொம்ப சந்தோஷமுங்க,” என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். மேகம் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் அவர் மறைந்துவிட்டார். மறைந்த பிறகு, வழியனுப்பத் தாமதமாக ஓடி வந்த சின்னச்சாமி எனக்குப் பின்னாலிருந்து, மலைக்காரர்கள் மாதிரி கையை வாயில் குவித்து, “ஓ…” என்று நீளமாகக் குரல் கொடுத்தான். கீழே பனிக்குள்ளிருந்து, “ஓம்…” என்று பதில் வந்தது. சின்னச்சாமிக்கு அதற்குள் விஷயம் புரிந்திருந்தது. “ஓமுங்க…!” என்று திருப்பிக் கத்தினான். பதிலுக்குக் கீழே ஒரு சிரிப்பு கேட்டது.

கப்பல் போகவில்லை. யுத்தம் வந்துவிட்டது, போட்டியே இல்லை என்று செய்தி வந்தது. மூங்கில் கம்பங்களை மலைக்காரர்கள் பந்தல் போட எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். சின்னச்சாமி ஊரோடு தங்கிவிட்டான். பிற்பாடு ஒருநாள் நாகப்பட்டினத்துக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தான். எப்படியிருந்தது என்று கேட்டேன். “நல்லாத்தானுங்க இருக்குது. அவரு ஊட்டுப் படலை எந்தப் பக்கம்னுதான் தெரியலீங்க,” என்றான். கடைசிவரைக்கும் அவன் ஆமாங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை. எதற்கும் ஓமுங்கதான். ஊரில் அவனைப் பெரிய பக்திமான் என்று எண்ணிக்கொண்டார்கள்.

வருஷங்கள் கழித்து சென்னையில் ஒரு போட்டிக்கு யாழ்ப்பாணத்து நடுவர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். காலையில் ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவருடைய சின்ன மகள் டம்ளரைத் தட்டிவிட்டாள், கவுனெல்லாம் காப்பி. அவர் பாதி விளையாட்டாக, “அம்மா பேசுவா, பார்,” என்றார். குழந்தையின் முகம் சுருங்கி, கண்ணில் நீர் கட்டிவிட்டது.

“அம்மா பேசினா நல்லதுதானே, எதுக்கு அழறா?” என்றேன்.

அவர் சிரித்தார். “எங்கட ஊரில பேசுறதெண்டா ஏசுறது. நீங்கள் பேசுறது எண்டு சொல்லுறதை நாங்கள் கதைக்கிறது எண்டு சொல்லுவம்.”

நம் ஊரிலும் ‘பேச்சு வாங்கினான்’ என்கிறோமே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நல்லதம்பி என்று ஒரு கோல் காப்பவர், அவரைத் தெரியுமா என்று கேட்டேன். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார். “ஏதோ மலையில ஒரு கோலை ஒத்துக்கொண்டவராம். அதுக்குப் பிறகு அவரை அணியில சேர்க்கேல்லை.”

முதல் சொல்லைத் திரும்பக் கேட்டேன், அதனால் பிழைத்தேன். இரண்டாவது சொல்லைத் திரும்பக் கேட்கவில்லை, புரிந்துவிட்டது என்று நினைத்ததால். உங்களுக்கு வேற்றுப் பாஷைக்காரனால் ஆபத்து வராது. அவனிடம் நீங்கள் ஜாக்கிரதையாக இருப்பீர்கள். விசிலைக் கழுத்தில் மாட்டும்போது இதை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஏச்சு வாங்கி, ஆட்டத்தை இழந்து, தனியாக மலை இறங்கிக்கொண்டிருந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கி, நான் ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேனே, அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று இன்னும் உங்களிடம் சொல்லவில்லை. என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எனக்குப் புரியவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. திருத்தவில்லை. என் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து, “ஓம்,” என்றார்.